மின்வழித் தூது

தம் உள்ளக் கருத்தைத் தொலைவில் உள்ளார்க்கு உணர்த்த வேண்டும் என்னும் விருப்பம் மக்கட்கு என்றும் உண்டு. தமிழில் தூது என்றே ஒரு சிற்றிலக்கிய வகை தோன்றியது. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தும் தூது செல்வனவாகப் புலவர் பாடினர். திருவள்ளுவரும் தூதின் இயல்பை விளக்கத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். இந்நாளில் அத்தூதுத் தொழிலைக் கணினியும் திறன்பேசியும் மேற்கொண்டுள்ளன. அவற்றைக் கையாளுதலை முதுமையின் வாயிலில் நின்று கற்கத் தொடங்கிய ஒருவன் பெற்ற பட்டறிவே இப்பாடமாகும்.

தஞ்சை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்து 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அதுகாறும் மையும் தாளுமே என் கருவிகள். அயலூரில் வாழும் பழைய மாணவர் பலர், “ஐயா, மின்னஞ்சல் அனுப்புங்கள், உடனே விடை எழுதுகிறோம்” என வேண்டினர். அண்டை வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் தமையன் பள்ளியில் படித்தபோது பெற்ற அரசு மடிக்கணினி அவ்வீட்டில் இருந்தது. மாலைதோறும் அதனை எடுத்துவந்து எனக்குக் கற்பிக்க அவள் இசைந்தாள். நாற்பது மாணவரைப் பலகை முன் நிறுத்தி வினவிய யான், ஒரு சிறுமியின் முன் விடை தெரியாது விழித்தேன். “தவறாகத் தட்டினால் கணினி கெட்டுவிடாது, ஐயா, அழித்துவிட்டு மறுபடி தட்டலாம்” என்று அவள் கூறிய சொல்லே எனக்கு ஊக்கம் அளித்தது.

முதல் இடையூறு எழுத்தினால் வந்தது. பல ஆண்டுகட்கு முன் நண்பர் ஒருவர் கணினியில் எழுதி வைத்த தமிழ்க் கட்டுரையைத் திறந்து பார்த்தோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் காணோம்; ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் மிடைந்து கிடந்தன. இதன் காரணத்தைப் பின்னர் அறிந்தேன். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என முன்னரே உடன்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும். முற்காலத்தில் எழுத்துரு செய்தோர் பலரும், ஆங்கில எழுத்துகட்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைத் தத்தமக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்டனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதத்தைத் திறப்பின், அவ்வெண்கட்குரிய ஆங்கில எழுத்துகளே தோன்றும். எழுதியவர் தமிழில் எழுதினார். படிப்பவர்க்கோ அது புரியாக் குறியாயிற்று.

இக்குறையைப் போக்க வந்ததே ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி எண் வழங்கும் இம்முறை 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் இதனை ஏற்றுக்கொண்டது. இம்முறையில் ககரத்தின் எண் 2965. ஆகாரத்தைக் குறிக்கும் துணைக்காலின் எண் 3006. புள்ளியின் எண் 3021. ஆகவே, ‘கா’ என்று யாம் எழுதுங்கால் 2965, 3006 என்னும் இரண்டு எண்கள் செல்கின்றன. ‘க்’ என்று எழுதுங்கால் 2965, 3021 என்பன செல்கின்றன. தஞ்சையில் அனுப்பிய எண்ணைச் சிங்கப்பூரில் உள்ள கணினியும் அதே எழுத்தாகக் காட்டும். உடன்பாடு இல்லையேல் உரையாடல் இல்லை என்னும் உண்மையை இஃது எனக்கு உணர்த்தியது.

அடுத்து விசைப்பலகையைப் பயின்றேன். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை உருவாயிற்று. கணினியில் தமிழ் வழங்க அதற்கு முன்னரே உழைத்தோருள் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, மலேசியா முத்து நெடுமாறன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இவ்விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. இலக்கணம் கற்றார்க்கு இது பெரிதும் இன்பம் தருவது. ஒரே மெய் இருமுறை தட்டப்படின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். அ, ம, ம, ஆ எனத் தட்டினால் ‘அம்மா’ என வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் புள்ளி தானே விழும். ப, ந, த, உ எனத் தட்டினால் ‘பந்து’ என வரும். புள்ளி வேண்டாதவிடத்து இடையே அகரத்தைத் தட்டுதல் வேண்டும். ம, அ, ம, த, ஐ எனத் தட்டினால் ‘மமதை’ என வரும். இனவெழுத்து இலக்கணம் இயந்திரத்தினுள்ளும் புகுந்து பணி செய்தல் கண்டு வியந்தேன். எனினும், என் விரல்கள் என் வியப்புக்கு ஈடு கொடுக்கவில்லை. பத்து வரிக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

கடிதம் செல்லும் வழியையும் சிறுமி விளக்கினாள். அனுப்புக என்னும் விசையை அழுத்தியவுடன் கடிதம் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு பொதியின் மேலும் சேரவேண்டிய இடத்தின் முகவரி இருக்கும். அவை கிடைத்த வழியே சென்று, உரிய இடத்தில் மீண்டும் வரிசையாக ஒன்றுசேரும். முகவரியில் ஒரு புள்ளி பிழைப்பினும் கடிதம் சேராது. இதனை யான் முதல் வாரத்திலேயே மும்முறை உணர்ந்தேன்.

இந்நிலையில் திறன்பேசி ஒன்றும் என் கைக்கு வந்தது. வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் எங்கள் உறவினர் ஏறத்தாழ நாற்பதின்மர் ஒரு குழுவாக இணைந்திருந்தனர். அதிற் புகுந்த எனக்கு ஒரு பெரும் எளிமை புலப்பட்டது. பிறர் அனுப்பிய செய்தியை ஒருமுறை தொட்டு மற்றோர்க்கு அனுப்பிவிடலாம். எழுத்துக் கூட்டித் தட்டும் துன்பம் இல்லை. சொந்தமாக ஒரு வரி எழுதுதல் அரிதாகவும், பிறர் எழுதிய நூறு வரிகளை அனுப்புதல் எளிதாகவும் இருந்தமையால், யான் எளியதனையே பற்றினேன். அதுவே என் பிழைக்கு வித்தாயிற்று.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காவிரியில் வெள்ளம் பெருகியது. 22ஆம் நாள் இரவு, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. இது மெய்ச்செய்தி. மறுநாள் மாலை என் திறன்பேசிக்கு வேறொரு செய்தி வந்தது. கல்லணையும் உடைந்தது என்றும், விடிவதற்குள் வெண்ணாற்றங்கரை ஊர்கள் மூழ்கும் என்றும் அது கூறியது. எழுதியவர் பெயர் இல்லை. நாளும் நேரமும் இல்லை. அச்சம் என் அறிவை மறைத்தது. கரையோரம் வாழும் உறவினர் பிழைக்கட்டும் என்று கருதி, அதனைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் என் தங்கை வாழ்கின்றாள். சம்பாப் பருவத்திற்கு நாற்று விடுவதற்காக, மூன்று ஏக்கருக்குப் போதுமான விதைநெல்லை மூட்டைகளாகக் கட்டி வீட்டில் வைத்திருந்தனர். என் செய்தி கண்டவுடன் இரவிலேயே அவர்கள் வீட்டைவிட்டு நீங்கினர். மூட்டைகளைத் தலையில் சுமந்து மேட்டிலிருந்த கோயில் மண்டபத்திற்குக் கொண்டு செல்லும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, அயலூர் உறவினர் இல்லம் சென்று தங்கினர். வெள்ளம் வரவில்லை. கல்லணைக்கு ஊறு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்து மூட்டையை அவிழ்த்தபோது, நெல் முளைத்து வேர்விட்டுப் பின்னிக் கிடந்தது. நாற்றங்காலோ இன்னும் உழப்படவில்லை.

தங்கை தொலைபேசியில் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அண்ணா, வேறு யார் சொல்லியிருந்தாலும் விசாரித்திருப்போம். நீங்கள் அனுப்பியது என்றுதான் எழுந்து போனோம்” என்று மட்டும் கூறினாள். கடிந்துகொண்டிருப்பின் அத்துணைத் துன்பம் எனக்கு உண்டாகியிராது.

அன்று அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். அச்செய்தி பொய் என்பதை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. யான் பிறந்து வளர்ந்த நாட்டின் நீரோட்டத்தை நினைத்திருந்தாலே போதும். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. கல்லணை தென்கிளையில் உள்ளது. கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் வீழின், நீர் கொள்ளிடத்திற்கே மிகுதியாகப் பாயும், காவிரிக்குக் குறையும். ஆகவே, அவ்வீழ்ச்சியால் கல்லணைக்கு வரும் நீர் குறையுமேயன்றி மிகாது. இதனை எங்கள் ஊர் உழவர் எவரும் அறிவர், யானும் அறிவேன். விரல் விரைந்த விரைவில் அறிவு பின்தங்கிவிட்டது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வகுப்பில் கடிதம் எழுதக் கற்பிக்குங்கால், இடம், நாள், விளி, செய்தி, கையொப்பம், முகவரி என்பவற்றுள் ஒன்று குறையினும் மதிப்பெண்ணைக் குறைப்பது என் வழக்கம். எனக்கு வந்த செய்தியில் இடம் இல்லை, நாள் இல்லை, கையொப்பம் இல்லை. மாணவன் எழுதியிருப்பின் தள்ளியிருப்பேன். திறன்பேசியில் வந்தமையால் கொண்டேன். அது பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்பட்டது என்னும் குறியும் அதன் தலையிலேயே இருந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில்தான் அக்குறியைப் புலனத்தில் சேர்த்திருந்தனர். அதன் பொருளை யான் கேட்டறியவில்லை.

அன்று மாலை சிறுமியை அழைத்து, “அம்மா, இன்று யானே எழுதுகிறேன், நீ பிழை மட்டும் பார்” என்றேன். என் ஊரும் நாளும் நேரமும் முதலில் இட்டேன். யான் அனுப்பிய செய்தி பொய் என்றும், ஆராயாமல் அனுப்பியது என் பிழை என்றும், இதனை யார் யார்க்கு அனுப்பினீர்களோ அவர்க்கெல்லாம் இத்திருத்தத்தையும் அனுப்புக என்றும் எழுதி, இறுதியில் என் பெயரை இட்டேன். ஒன்பது வரிகள், ஒரு மணி நேரம். யான் கணினி வழியாகக் கற்ற முதற்பாடம் அதுவே எனலாம். எனினும், பொய் சென்ற இடமெல்லாம் திருத்தம் சென்றதா என்பதை என்னால் அறிய இயலவில்லை. குழுவினின்றும் வேறு குழுக்களுக்குச் சென்ற செய்தியை மீட்டல், மடை திறந்து ஓடிய நீரை மீட்டல் போன்றதே.

ஒரு செய்தியை ஒரே நேரத்தில் பலர்க்கு அனுப்புவதற்கு எல்லை வகுக்கப்பட்டது. பன்முறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி இட்டு, அதனை ஒரு வேளைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என 2020ஆம் ஆண்டில் வரையறுத்தனர். இவை நல்ல காவல்களே. ஆயினும், செய்தி பல கை மாறியது என்பதை அம்புக்குறி காட்டுமேயன்றி, அது மெய்யா பொய்யா என்பதைக் காட்டாது. அதனைக் காணுதல் படிப்பவர் கடமை.

இக்கருவிகளை நன்கு பயன்படுத்திய சான்றுகளும் நம் நாட்டில் உண்டு. புதுவையை அடுத்த வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தார், கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து நாள்தோறும் எடுத்து, ஒலிபெருக்கி வாயிலாக மீனவர்க்கு அறிவித்தனர். அந்நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து, 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தொடங்கிய ஊரக வள மையங்களுள் ஒன்று எங்கள் திருவையாற்றில் அமைந்தது. செயற்கைக்கோள் வழியாக, ஊரில் இருந்தவாறே தொலைவிலுள்ள வல்லுநரைக் கண்டு பேச அம்மையம் வழி செய்தது. இவ்விரு சான்றுகளிலும் செய்தி எங்கிருந்து வந்தது என்பது தெரியும். சொல்பவர் யார் என்பது தெரியும். ஐயம் எழுந்தால் திரும்பக் கேட்கவும் இயலும். தூதுக்கு நம்பிக்கை உண்டாவது இவ்வாற்றானே.

மாணவர்களே! நீங்கள் என்னினும் விரைவாகத் தட்டுவீர்கள். என்னினும் எளிதாக அனுப்புவீர்கள். ஒரு செய்தி உங்கள் கைக்கு வரும்போது, எழுதியவர் யார், எந்நாள் எழுதினார், அவர் அதனை எவ்வாறு அறிந்தார் என்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடை கிடையாவிடின் அச்செய்தி உங்களிடத்திலேயே நின்றுவிடட்டும். அனுப்பியே தீரவேண்டும் எனின், உங்கள் சொற்களில் எழுதி, உங்கள் பெயரை இட்டு அனுப்புங்கள். பெயரிட அஞ்சும் செய்தி அனுப்பத் தகாதது.

அவ்வாண்டு என் தங்கை அயலாரிடம் விதைநெல் கடனாகப் பெற்று, மூன்று வாரம் பிந்தி நாற்று விட்டாள். அறுவடையின்போது கடன் நெல்லைத் திருப்பி அளந்து கொடுக்க யானும் உடன் சென்றிருந்தேன். இன்றும் குழுவில் யான் ஏதேனும் அனுப்பினால், அதன் தலையில் ஊரும் நாளும், அடியில் பெயரும் இருக்கும். இளையோர் அது கண்டு நகைப்பர். தங்கை மட்டும் நகைப்பதில்லை.