எழுவாயை மறைக்கும் அயற்சொல்

அமெரிக்க வணிக முகாமைத்துவக் கல்லூரிகளுக்குரிய ஜீமற் தேர்விலே, 2023இல் புதிய வடிவம் வரும்வரை, வாக்கியத் திருத்தம் தனி வினாவகையாய் விளங்கிற்று. சற் நுழைவுத் தேர்விலோ ஆங்கில இலக்கண வினாக்கள் இன்றும் உள. அவற்றுள் எம்மவரைப் பெரிதும் இடறச் செய்வது எழுவாய் பயனிலை இயைபாம்.

'த லிஸ்ற் ஒவ் புக்ஸ் ஆர் லோங்' என்பது வழு. 'இஸ்' என்றே வரல்வேண்டும். எழுவாய் ஒருமையாகிய 'லிஸ்ற்'. பயனிலையருகே நிற்கும் பன்மையாகிய 'புக்ஸ்' கண்ணை மயக்குகின்றது. தமிழில் 'நூல்களின் பட்டியல் நீண்டது' என்புழி, அடை முன்வருதலின் எழுவாய் பயனிலையை ஒட்டியே நிற்கும். ஆதலின் எம் மாணாக்கர் தாய்மொழிச் செவியை நம்புதல் ஈண்டு உதவாது.

'ஒவ்' முதலாகிய தொடரை மனத்தால் விலக்கி எஞ்சியதை வாசித்தல் நல்ல பயிற்சி. விடையை மட்டும் ஒப்புநோக்கி நூறு வினாச் செய்வோர் இதனைப் பெறார். ஆயினும் 'த நம்பர் ஒவ் புக்ஸ்' ஒருமையும், 'ஏ நம்பர் ஒவ் புக்ஸ்' பன்மையும் கொள்ளும். பின்னதில் அவ்விலக்கல் செல்லாது.