பென்டிரைவ் இருக்கிறது, லேப்டாப் ஏன் எழ மறுக்கிறது?

பழைய லேப்டாப்பில் புதிதாக இயங்குதளம் ஏற்ற இன்று பென்டிரைவ்தான் வழி. டிவிடி டிரைவ் பல மாடல்களில் கிடையாது. இருப்பதும் தூசி ஏறிப் படிக்க மறுக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வீடுகளில் இந்த வேலைக்குக் காத்திருக்கும் லேப்டாப்புகளில் அரசு முத்திரை பதித்த மூடியோடு இருப்பவையும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மாணவர்களுக்கு வழங்கியவை அவை. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல்.

அவற்றில் ஏராளமானவை விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து ஏற்றப்பட்டு வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம்; முதல் பதிப்பு வெளிவந்தது 2007-இல். 'இது எதற்கு, இடத்தை அடைக்கிறது' என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே பாஸ் இருந்த பகுதியை அழித்தவர்கள் அடுத்த முறை ஆன் செய்ததும் பார்த்தது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரியைத்தான். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று அப்படியே பரணில் ஏறிய லேப்டாப்புகள் உண்டு. உண்மையில் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த இயங்குதளத்துக்குப் போவது என்று கேட்கும் கிரப் என்ற சிறு நிரல், தன் கோப்புகளைப் பாஸ் பகுதியில்தான் வைத்திருந்தது. அந்தப் பகுதி அழிந்ததால் அது வழி தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து எழுப்பி, பூட் பகுதியைத் திருத்தி எழுதினால் பழைய விண்டோஸ் கோப்புகளோடு திரும்ப வரும்.

பென்டிரைவுக்கு இப்போது இன்னொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சிப்பையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. அந்தக் கால இலவச லேப்டாப்புகள் இதில் தேறுவது கடினம். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை 4 ஜிபி ரேமில் நிம்மதியாக ஓடும். ஆனால் அவற்றை ஏற்ற, முதலில் பென்டிரைவிலிருந்து லேப்டாப் எழ வேண்டுமே.

பவர் பட்டனை அழுத்தியதும் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டின் சிப்பில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல். பழைய கருவிகளில் அது பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. எதிலிருந்து எழுவது என்று அதனிடம் ஒரு வரிசை இருக்கும். வரிசையில் முதலில் நிற்கும் ஹார்டு டிஸ்க் பதில் சொல்லிவிட்டால் பென்டிரைவை அது எட்டிக்கூடப் பார்க்காது. தலைமடைக்காரர் மொத்தத் தண்ணீரையும் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்வதைப் போலத்தான்.

கோளாறு தேடுவோர் பெரும்பாலும் நேராக பயாஸுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறார்கள். அது வேண்டாத வேலை. முதலில் செய்யவேண்டியது, அதே பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது. அங்கே எழுந்தால் குறை பெரும்பாலும் லேப்டாப்பின் அமைப்பில். இரண்டு கம்ப்யூட்டர்களில் எழாவிட்டால் பென்டிரைவில். தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

பென்டிரைவில் நடக்கும் பெரிய தவறு, இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே காப்பி செய்து போடுவது. சினிமாவைக் காப்பி செய்யலாம். இயங்குதளத்தை ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருப்பது அனைத்தும் அழியும் என்பதால், கல்யாண ஆல்பம் உள்ள பென்டிரைவை இதற்கு எடுக்கக் கூடாது. லினக்ஸ் ஐஎஸ்ஓ-வைக் கொடுத்தால் ரூஃபஸ் சிலசமயம் 'ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா' என்று கேட்கும். முதலாவது சரிவராவிட்டால் இரண்டாவதில் எழுதிப் பார்க்கலாம். டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால், ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்பதுண்டு. சரி என்று அழுத்தினால் எழுதியது அத்தனையும் போச்சு. அந்தக் கேள்வி பழுதின் அறிகுறி அல்ல, விண்டோஸுக்கு அந்த அமைப்பு புரியவில்லை என்பதே பொருள்.

இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வெளியிட்டவர்கள் தளத்தில் ஷா-256 என்ற நீண்ட எண்ணெழுத்துக் கோவை இருக்கும். இறக்கிய கோப்புக்கும் அதே கோவை வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குவதுதான் வழி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் '64 ஜிபி' பென்டிரைவுகளில் போலிகளும் உண்டு. வெளியே எழுதியிருக்கும் கொள்ளளவு உள்ளே இருக்காது. எழுதும்போது பிழை காட்டாமல், படிக்கும்போது கையை விரிக்கும்.

பென்டிரைவ் நல்லதுதான் என்று தெரிந்தபின் லேப்டாப்புக்கு வரலாம். ஆன் செய்த உடனே ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். லெனோவாவிலும் டெல்லிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பல லெனோவா மாடல்களில் 'நோவோ' என்ற குட்டி பட்டனும் உண்டு. லேப்டாப் அணைந்திருக்கும்போது அதை அழுத்தினாலே மெனு வரும். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அது முடக்கப்பட்டே வரும். எஃப்2 வழியாக உள்ளே போய் அதைத் திறந்துவிட வேண்டும். விசை எதற்கும் அசையாமல் விண்டோஸே வந்து நின்றால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியைச் சந்தேகிக்கலாம். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' என்பது முழு அணைப்பு அல்ல, பாதித் தூக்கம். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால், யுஇஎஃப்ஐ லேப்டாப்பில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் நீலத்திரை வந்துவிடும்.

மெனு வருகிறது, பென்டிரைவின் பெயர் மட்டும் இல்லை. இங்கேதான் அக்காவின் லேப்டாப்பில் பலித்த வழி தம்பியின் லேப்டாப்பில் பலிக்காமல் போகிறது. மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவை பழைய பயாஸ் முறையைச் சார்ந்தவை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் யுஇஎஃப்ஐ பரவியது. ரூஃபஸில் பழையதற்கு 'எம்பிஆர்', புதியதற்கு 'ஜிபிடி' என்று தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். மாற்றி எழுதினால் பெயரே தெரியாமல் போகலாம். யுஇஎஃப்ஐ பொதுவாக ஃபேட்32 வடிவத்தைத்தான் படிக்கும். கையால் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து கோப்புகளைப் போட்டவர்கள் சறுக்குவது இதில்தான்.

செருகும் இடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய பயாஸ்களில் சில, நீல நிற யுஎஸ்பி 3 வாயில் செருகியதை எழும் நேரத்தில் கவனிப்பதில்லை. பக்கத்துக் கறுப்பு வாயில் அதே பென்டிரைவ் உடனே தெரியும். அறுவடை முடிந்த காலத்தில் நெல்தூசி புகுந்த வாய்களை ஊதித் துடைத்துவிட்டுச் சோதிப்பதும் நல்லது.

பெயர் தெரிந்தும், தேர்ந்தெடுத்ததும் சிவப்புப் பெட்டியில் எச்சரிக்கை வந்தால் அது 'செக்யூர் பூட்'. நம்பத்தக்க கையொப்பம் உள்ள நிரலை மட்டும் எழவிடும் காவல் அது. உபுண்டு, மின்ட் போன்றவை அந்தக் கையொப்பத்தோடு வருகின்றன. சில சிறிய லினக்ஸ் வகைகளுக்கு அது கிடையாது. அப்போது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். ஏசரில் அந்த வரி மங்கலாக, அசைக்க முடியாமல் இருக்கும். முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் திறக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டும், மறந்தால் பெரும் தலைவலி. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட புதிய லேப்டாப்பில் செக்யூர் பூட்டைத் தொடும் முன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் விண்டோஸ் கதவைச் சாத்திக்கொள்ளும்.

லினக்ஸ் எழத் தொடங்கி, லோகோவோடு திரை கறுத்துப் போனால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறு. முதல் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். அது இல்லாவிட்டால் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 கொடுக்கலாம்.

எழுந்த கையோடு நிறுவிவிடாமல், பென்டிரைவிலிருந்தே கொஞ்ச நேரம் ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பத்தாண்டு தாண்டிய லேப்டாப்பில் பேட்டரி பெயரளவுக்குத்தான் இருக்கும். பம்புசெட்டுகள் ஓடி மின்னழுத்தம் இறங்கும் நேரத்திலோ, மழைக்காற்றில் கரண்ட் போய்ப்போய் வரும் நாளிலோ நிறுவினால், டிஸ்க்கைப் பிரித்து எழுதும் நிலையில் அணைந்து பழைய கோப்புகளும் சேர்ந்து போகும். கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, யுபிஎஸ் இருக்கும் இடத்தில் செய்வதே சரி.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடக்கூடும். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலக நேரத்தை வைப்பதும், விண்டோஸ் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்வதும்தான் காரணம். லினக்ஸில் ஒரே கட்டளையில் திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய், மாற்றி வைத்த பூட் வரிசையும் மறந்துபோனால் அது வேறு கதை: மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 வகை; சில லேப்டாப்புகளில் ஒயரோடு சேர்ந்து வரும் என்பதால் பழையதைக் கழற்றிக் காட்டி வாங்க வேண்டும்.