ரம்பத்தின் வாயைச் சிறிதாக்குவோம்

திருப்பதிக்குப் போய் வருகிறவர்கள் மரப்பாச்சி பொம்மை வாங்கி வருவார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. நல்ல சிவப்பு நிறம். தமிழ்நாட்டு வீடுகளில் நவராத்திரிக் கொலு வைத்தால், இந்த ஜோடிக்கு அங்கே கட்டாயம் இடம் உண்டு.

பொம்மைக்கு நிறம் தருவது செம்மரம். அது எல்லா ஊரிலும் வளராது. சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைக்காடுகளில்தான் இயற்கையாக வளர்கிறது. மிக மெதுவாக வளரும் மரம் அது. காட்டில் அதை அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். 1995 முதல் உலக நாடுகளின் ஒப்பந்தப்படி, வெளிநாட்டு வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே செம்மரத்தில் உள்ளங்கை அளவுத் துண்டுக்கும் விலை உண்டு.

திருப்பதி மாவட்டத்தில் மாதவமாலா என்று ஓர் ஊர். மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே உளியும் கொட்டாப்புளியும்தான் முக்கியக் கருவிகள். உளி கையோடு பேசும். கொஞ்சம் தவறினால் உடனே தெரிந்துவிடும். நிறுத்திக் கொள்ளலாம்.

மின்சார ரம்பம் அப்படி இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி செய்யும் பட்டறைகளில் இந்த ரம்பம் ஓடுகிறது. வட்டமான ரம்பம் அது. ஓர் இரும்பு மேசையின் நடுவே பாதி மேலே, பாதி கீழே நிற்கும். மோட்டார் அதைச் சுற்றும். பலகையை மேசையில் வைத்துத் தள்ளினால் அறுத்துக் கொடுக்கும். நாள் முழுவதும் கை ரம்பம் இழுத்த வேலை சில நிமிடத்தில் முடியும்.

அதன் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போது அதன் பல் ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். சித்தூர் நெடுஞ்சாலையில் ஓடும் எந்த பஸ்ஸுக்கும் அந்த வேகம் கிடையாது.

இந்த ரம்பம் மேசைக்கு மேலே வர ஒரு திறப்பு வேண்டும். அதுதான் ரம்பத்தின் வாய். வாயைச் சுற்றி ஒரு தகடு இருக்கும். கழற்றி மாட்டலாம். ரம்பத்தை மாற்றும்போது அதைக் கழற்றுவார்கள். இயந்திரத்தோடு வரும் தகட்டில் வாய் அகலமாக இருக்கும். ஏன்? பல இயந்திரங்களில் ரம்பத்தைச் சாய்த்தும் அறுக்கலாம். சாய்க்கும்போது தகட்டில் இடிக்கக் கூடாது. அதற்காக அதிகம் இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் பட்டறையில் நடக்கும் அறுப்பில் பெரும்பகுதி நேர் அறுப்புதான். என்றைக்கோ ஒரு நாள் சாய்த்து அறுப்பதற்காகத் தினமும் வாயைத் திறந்து வைத்திருக்கிறோம்.

திறந்த வாயால் இரண்டு கேடு.

முதல் கேடு, பலகைக்கு. ரம்பத்தின் பல் மேலிருந்து கீழே இறங்கி அறுக்கிறது. பலகையின் அடிப்பக்கம் வழியாக வெளியே போகிறது. போகும்போது மரத்தின் நாரைக் கீழே தள்ளும். அந்த இடத்தில் நாரைத் தாங்க எதுவும் இல்லை. வாய்தான் திறந்திருக்கிறதே! நார் பிய்ந்து கொண்டு போகும். அறுத்த பலகையைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் முழுவதும் சிலும்பு. ப்ளைவுட் என்றால் மேல் தாள் உரியும். மைக்கா ஒட்டிய பலகை என்றால் ஓரம் பல் பல்லாக உடையும். இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற அலமாரிக் கதவுக்கு அந்தப் பலகை உதவாது. 8 அடிக்கு 4 அடி ஷீட்டின் விலை தச்சருக்குத் தெரியும். ஒரு கதவு கெட்டால், அன்றைய கூலியில் பெரும்பகுதி போன மாதிரிதான்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தையல் மிஷினில் ஊசி இறங்கும் இடத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதில் ஊசிக்கு மட்டும் சிறு துளை. அந்தத் துளை பெரிதாகிவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய துணியை ஊசி உள்ளே இழுத்துக் கொள்ளும். துணி சுருங்கிச் சிக்கும். துளை சிறியதாக இருந்தால் துணி தட்டையாக நிற்கும். ரம்பத்துக்கும் அதே கதைதான்.

இரண்டாவது கேடு, ஆளுக்கு. பலகையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சீவி எடுக்கிறார் ஒருவர். சீவிய துண்டு மெல்லியது. அது ரம்பத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் விழுகிறது. கீழே முழுதாகப் போகாது. இடுக்கில் மாட்டும். ரம்பம் அதைப் பிடித்து வீசும். பல் ஓடும் வேகம் என்னவென்று முன்பே பார்த்தோம். அந்த வேகத்தில் வருகிற மரத்துண்டு கண்ணில் பட்டால் கண் போகும். வயிற்றில் பட்டாலும் ஆபத்துதான். துண்டு மாட்டும்போது பலகை திடீரென்று துள்ளும். அதைப் பிடித்திருந்த கை நிலை தவறும். கை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டிய துண்டை எடுக்க, ஓடும் ரம்பத்தின் பக்கத்தில் விரலை நீட்டுகிறவர்களும் உண்டு. அதைப்போல மோசமான பழக்கம் பட்டறையில் வேறு இல்லை.

விரலுக்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்தது. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. கணக்குக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் கட்டைவிரல் இல்லாத தச்சரால் உளியைப் பிடிக்க முடியுமா?

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு அதிகாரி வந்து ரம்பத்தைப் பார்ப்பது அபூர்வம். பட்டறைக்காரர்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

சரி, வாயை எப்படிச் சிறிதாக்குவது?

ரம்பத்தின் அகலத்துக்கு மட்டும் வாய் உள்ள ஒரு தகடு செய்து மாட்ட வேண்டும். அவ்வளவுதான். இடைவெளி இல்லாத தகடு. கடைக்காரர்கள் ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட் என்பார்கள். ஜீரோ என்றால் பூஜ்யம். ரம்பத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பூஜ்யம் இடைவெளி. இதைக் காசு கொடுத்து வாங்கவும் செய்யலாம். பட்டறையில் கிடக்கும் துண்டுப் பலகையிலும் செய்து கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகட்டில் வாய் வெட்டுவது வேறு கருவி அல்ல. அந்த ரம்பமேதான். தன் வாயின் அளவைத் தானே வெட்டிக் கொள்ளும். அதனால்தான் அளவு அவ்வளவு சரியாக அமைகிறது.

முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். பழைய தகட்டைக் கழற்றி, நல்ல ப்ளைவுட்டின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட வேண்டும். கோட்டின்படி வெட்டி, அரம் போட்டு, குழியில் சரியாக உட்கார வைக்க வேண்டும். குழி ஆழம் குறைவாக இருந்தால் ப்ளைவுட்டுக்குப் பதில் ஹைலம் ஷீட் போடலாம். இரும்புத் தகட்டில் இதைச் செய்யக் கூடாது. ரம்பத்தின் பல் போய்விடும்.

இந்த வேலையில் மிகவும் கவனம் வேண்டிய இடம் மட்டம். தகடும் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தகடு கொஞ்சம் உயர்ந்தால் பலகை அதில் இடித்து நிற்கும். தாழ்ந்தால் பலகையின் முனை அதில் இறங்கி மாட்டும். மேலே ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். விரலால் தடவியும் பார்க்கலாம். நல்ல தச்சரின் விரலுக்கு ஒரு தாள் கனமும் தெரியும். தகடு தாழ்ந்திருந்தால் அடியில் காகிதமோ டேப்போ ஒட்டிச் சரி செய்யலாம்.

பிறகு ரம்பத்தை முழுவதும் கீழே இறக்க வேண்டும். புதிய தகட்டைக் குழியில் வைக்க வேண்டும். ரம்பம் தகட்டைத் தொட்டுக் கொண்டிருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. தகட்டின் அடியில் அந்த இடத்தை உளியால் கொஞ்சம் குடைந்துவிட வேண்டும். அடுத்து, தகட்டின் மேல் குறுக்காக ஒரு கட்டையைப் போட்டு, இரண்டு பக்கமும் மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ரம்பம் மேலே வரும் இடத்தில் கட்டை இருக்கக் கூடாது. தகட்டைக் கையால் அமுக்கிப் பிடிக்கவே கூடாது.

இப்போது பிளக்கைச் செருகி ரம்பத்தை ஓட்டலாம். கண்ணாடி போட்டுக் கொண்டு, நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ரம்பத்தை மெதுவாக உயர்த்த வேண்டும். சத்தம் மாறும். மரத்தூள் எழும். பிறகு பற்கள் தகட்டை வெட்டிக் கொண்டு மேலே வரும். வேண்டிய உயரம் வந்ததும் நிறுத்தினால் வாய் தயார்.

ரம்பத்தின் பின் பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே வருகின்றன. அவை தகட்டைத் தூக்கி எறியப் பார்க்கும். எனவே தகட்டின் பின் முனையில் ஓர் ஆணியோ சிறு கட்டையோ நீட்டி, மேசையின் அடியில் மாட்டும்படி வைப்பார்கள். சிலர் ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள்.

சில மேசைகளில் ரம்பத்தை ஏற்றி இறக்க முடியாது. மேசையையும் அசைக்க முடியாது. அங்கே வேறு வழி. மேசை அளவுக்கு மெல்லிய ப்ளைவுட் ஒன்றை எடுத்து, மற்றப் பலகையை அறுப்பது போலவே ஓடும் ரம்பத்துக்குள் பாதி வரை தள்ள வேண்டும். தள்ளியபடியே பிடித்துக் கொண்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். ரம்பம் முழுவதும் நின்ற பிறகு அந்த ப்ளைவுட்டை மேசையோடு கிளாம்ப் போட்டு விட வேண்டும். பலகைகளை இனி அதன் மேல் வைத்து அறுக்கலாம். அறுக்கும் ஆழம் ப்ளைவுட்டின் கனத்துக்குக் குறையும். அவ்வளவுதான் நஷ்டம்.

பெரிய பட்டறைகளில் நகரும் மேசை ரம்பம் வந்துவிட்டது. பேனல் சா என்பார்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஆல்ட்டென்டார்ஃப் என்ற தச்சர் 1906இல் இந்த வகையை உருவாக்கினார். இதில் பலகையோடு மேசையின் ஒரு பக்கமும் சேர்ந்து நகரும். பெரிய ஷீட்டை ஒருவரே அறுக்கலாம். இதன் பல மாதிரிகளில் பெரிய ரம்பத்துக்கு முன்னால் ஒரு குட்டி ரம்பமும் உண்டு. அது எதிர்ப்பக்கம் சுற்றும். பலகையின் அடியில் மெல்லிய கீறல் போட்டுக் கொண்டே போகும். அதன் பிறகு பெரிய ரம்பம் அறுப்பதால் சிலும்பு வராது. அப்படியானால் இடைவெளி இல்லாத தகடு இதற்குத் தேவையா? தேவைதான். மெல்லிய துண்டு இடுக்கில் விழுவதைக் குட்டி ரம்பம் தடுக்காது. நகரும் பக்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. நிற்கும் பக்கத்தில் தகட்டை மாற்றலாம். அப்போது இரண்டு ரம்பத்துக்கும் வாய் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ரம்பத்துக்குப் பின்னால் கத்தி போல ஒரு தகடு நிற்பதைப் பார்த்திருக்கலாம். அறுத்த பலகை மீண்டும் நெருங்கி ரம்பத்தைக் கவ்வாமல் அது தடுக்கும். கவ்வினால் பலகை தள்ளுகிறவர் மேலேயே பாயும். புதிய தகடு செய்யும்போது சிலர் இந்தக் கத்தியைக் கழற்றிப் போட்டு விடுகிறார்கள். அதற்குத் தகட்டில் இடம் விடச் சோம்பல்! ரம்பம் வெட்டிய வாயைப் பின்னால் கை ரம்பத்தால் கொஞ்சம் நீட்டினால் போதும். கத்தி மீண்டும் நிற்கும். மேல் மூடியையும் திரும்ப மாட்ட வேண்டும். வாய் சிறிதானதால் பல் மழுங்கிப் போகவில்லை. மெல்லிய துண்டைத் தள்ள விரல் கூடாது. கட்டையால் தள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு விபத்து நடந்தால், பதறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108க்குப் போன் செய்ய வேண்டும். ஆந்திராவில் இந்த ஆம்புலன்ஸ் 2005இல் தொடங்கியது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கம்தான். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சீக்கிரம் போனால் சில விரல்களை மீண்டும் ஒட்ட வைக்க முடிகிறது.

தகடு என்றைக்கும் ஒரே மாதிரி இருக்காது. நாள் ஆக ஆக வாய் தேய்ந்து அகலமாகும். மீண்டும் சிலும்பு வரத் தொடங்கினால் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். கனமான ரம்பத்துக்கு ஒரு தகடு, மெல்லிய ரம்பத்துக்கு ஒரு தகடு, சாய்த்து அறுக்க ஒரு தகடு என்று தனித்தனியாக வேண்டும். ஒன்றை இன்னொன்றுக்கு மாட்டினால் ரம்பம் தகட்டில் உரசும். எனவே நான்கைந்து தகடுகளை ஒரே நாளில் வெட்டிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்க விடுவது நல்லது. ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்: "10 அங்குலம். நேர் அறுப்பு." "10 அங்குலம். சாய்வு 45." மேஸ்திரி இல்லாத நேரத்தில் உதவியாளும் படித்துப் பார்த்துச் சரியான தகட்டை எடுத்து மாட்டுவார்.