தைத்து அறிதல்: வரலாற்று ஆடை மீளுருவாக்கமும் சோழமண்டலச் சீட்டித் துணியும்

ஆய்வுச்சுருக்கம்

பழங்கால ஆடைகளை அக்கால முறைப்படியே வெட்டிக் கையால் தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் உள்ளனர். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்டிர் அணிந்த சீட்டி மேலங்கியைச் சான்றாகக் கொண்டு, இப்பொழுதுபோக்கு எத்தகைய அறிவைத் தருகிறது, அவ்வறிவு எங்கே நின்றுவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆடை வரலாறு, மீளுருவாக்கம், கைத்தையல், சீட்டி, சாயவேர்.

முன்னுரை

திரைப்படத்திற்கோ நாடகத்திற்கோ தைக்கப்படும் உடை, காண்போர் கண்ணுக்குப் பழமையாகத் தோன்றினால் போதுமானது. வரலாற்று ஆடையை மீளுருவாக்குவோர் அவ்வளவில் நிறைவு கொள்வதில்லை. உட்புறத் தையல் எவ்வாறு அமைந்தது, துணி எந்தத் திசையில் வெட்டப்பட்டது, எந்த நூல் பயன்பட்டது என்பனவே அவர்களின் முதல் வினாக்கள். 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தோன்றிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ போன்ற அமைப்புகள் இத்தகைய ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தன.

அவர்களுக்கு அடிப்படையாக அமைந்த நூல்களுள் முதன்மையானவை ஜேனட் அர்னால்டு (1932–1998) உருவாக்கிய ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ தொகுதிகளாகும். முதல் தொகுதி 1964இல் வெளிவந்தது. எஞ்சியிருக்கும் ஆடைகளை நேரில் அளந்து, ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் அளவுப்படமாக அவர் வரைந்து தந்தார். 1985இல் வெளிவந்த தொகுதியில், 1562இல் இறந்த எலியனோரா டி டொலேடோவின் அடக்க ஆடைக்குரிய அளவுப்படமும் இடம்பெற்றுள்ளது. இவ்வாறு அருங்காட்சியகப் பொருள், தையலறியும் எவரும் செய்து பார்க்கத்தக்க வடிவத்தைப் பெற்றது.

தையல் தரும் சான்றுகள்

18ஆம் நூற்றாண்டு ஆங்கில மேலங்கியைத் தைக்க முற்படுவோர் முதலில் உணர்வது துணியின் மதிப்பையாகும். பாவாடைப் பகுதிக்குரிய துணி பெரும்பாலும் வளைவாக வெட்டப்படுவதில்லை. முழு அகலத் துண்டுகள் கரையோடு கரை இணைக்கப்பட்டு, இடுப்பில் கொசுவமாக மடிக்கப்படுகின்றன. ஒருவகை மேலங்கியில் முதுகுப்புற மடிப்புகள் கழுத்திலிருந்து அடிவிளிம்பு வரை வெட்டின்றித் தொடர்கின்றன. பாவாடையின் நெடுந்தையல்கள் அகன்ற ஓட்டுத்தையல்களாக இருப்பதால் அவற்றை எளிதில் பிரித்துவிடலாம். கைப்பகுதியில் துணி போதாத இடங்களில் சிறு ஒட்டுகள் வெளிப்படையாகவே இடப்பட்டுள்ளன. இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கும்போது, கூலியைவிடத் துணியே விலை மிகுந்தது என்பதும், அதனை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் தைக்கும்போதே இருந்தது என்பதும் புலனாகின்றன. இதனால் ஆடையின் காலமும் துணியின் காலமும் வேறுபடக்கூடும். முந்தைய தலைமுறையின் துணி பிந்தைய பாணியில் மாற்றித் தைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது சான்று உடல் சார்ந்தது. மேலங்கிக்குள் திமிங்கில இழைப் பட்டைகள் செருகிய இறுக்குக்கச்சு அணியப்பட்டது. இன்று அவ்விழைக்கு மாற்றாகச் செயற்கைப் பட்டைகளும், மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளும் பயன்படுகின்றன. அதனை அணிந்து பார்ப்பவர், குனிவதற்கு முதுகை வளைக்க இயலாது, இடுப்பு மூட்டிலிருந்தே சாய வேண்டும் என்பதைத் தம் உடலாலேயே அறிகிறார். அக்கால ஓவியங்களில் காணப்படும் நிமிர்ந்த நிலைக்கு உடையமைப்பும் ஒரு காரணம் என்பது இதனால் விளங்குகிறது.

மீளுருவாக்கத்தின் எல்லை

எனினும், மீளுருவாக்கம் ஒரு கருதுகோளே. அணிபவரின் உடல் இக்காலத்தது. துணி விசைத்தறியில் நெய்யப்பட்டது. எஞ்சிய ஆடைகளுள் வசதி படைத்தோருடையவையே மிகுதி. எல்லாவற்றினும் பெரிய இடைவெளி துணியிடத்து உள்ளது. தேன்மெழுகு தடவிய லினன் நூலைத் தேடிப் பெறும் ஆர்வலரும், சீட்டிக்கு மாற்றாக அச்சுத்துணியையே பெரும்பாலும் வாங்க நேர்கிறது. ஆனால் சோழமண்டலக் கடற்கரையின் உயர்தரச் சீட்டி, கலத்தால் கையால் எழுதப்பட்ட துணியாகும்.

அதன் செய்முறையைக் கெர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி இக்கடற்கரையிலிருந்து 1742இல் எழுதிய கடிதத்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். துணி முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைக்கப்பட்டது. பாலின் கொழுப்பு, எழுதும் கரைசல் பரவாமல் தடுத்தது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்புக் கரைசலோடு சேர்ந்து கருநிறம் தந்தது. படிகாரக் கரைசல் தீட்டிய இடங்களில் சாயவேரின் சிவப்பு நிலைத்தது. நீலம் வேண்டிய இடங்களை விட்டு ஏனைய பகுதிகள் மெழுகால் மூடப்பட்டன. பிறகு துணி அவுரிச் சாயத்தில் தோய்க்கப்பட்டது. துவைத்தாலும் மங்காத இந்நிறமே ஐரோப்பியச் சந்தையை ஈர்த்தது. உள்நாட்டு நெசவைக் காக்கும் பொருட்டு பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் இயற்றிய தடைச்சட்டம் 1774இல் நீக்கப்பட்டது. ஒட்டுப்போட்டேனும் காப்பாற்றப்பட்ட அத்துணியின் மதிப்பை இப்பின்னணியிலும் வைத்து உணர வேண்டும்.

ஆகவே ஒரே மேலங்கியில் இரு கைத்திறன்கள் சந்திக்கின்றன. தைத்த கையின் திறன் தையல் தையலாக மீட்டெடுக்கப்படுகிறது. சாயமிட்ட கையின் திறனோ ‘இந்தியச் சீட்டி’ என்ற பெயரளவில் அடங்கிவிடுகிறது.

தமிழாய்வுக்குப் பயன்

தமிழில் ஆடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சொற்களையும் சிற்பங்களையும் சார்ந்தே அமைகின்றன. முல்லைப்பாட்டு யவனர் அணிந்த மெய்ப்பையைக் குறிக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் துன்னகாரரைச் சுட்டுகிறது. மெய்ப்பைக்குச் ‘சட்டை’ எனப் பொருளுரைப்பதோடு நாம் அமைகிறோம். அது எத்தனை துண்டுகளால் ஆனது, துன்னகாரர் எதனை எவ்வாறு இணைத்தனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. அவற்றுக்கு நூல்களிலிருந்து மட்டும் விடை கிடைக்காது. ஆயினும், வெட்டியும் தைத்தும் பார்க்கும்போது இயலக்கூடிய விடைகளையும் இயலாதவற்றையும் பிரித்தறிய முடியும்.

முடிவுரை

வரலாற்று ஆடையைத் தைத்துப் பார்ப்பது, எழுத்துச் சான்று சொல்லாது விட்ட செய்முறையைச் சோதிக்கும் வழியாகும். அதன் முடிவுகள் எஞ்சிய ஆடையோடும் ஆவணத்தோடும் ஒப்பிடப்படும்போதே ஆய்வுத் தகுதி பெறும். சீட்டி மேலங்கியைப் பொறுத்தவரை தையலின் பாதி பெரிதும் எழுதப்பட்டுவிட்டது. கடுக்காய், சாயவேர், அவுரி ஆகியவற்றின் வழக்குச் சொற்களையும் தொழில்முறைகளையும் களத்தில் திரட்டி மறுபாதியை எழுதும் வாய்ப்பு, அத்துணி புறப்பட்ட கடற்கரையின் மொழியை அறிந்த ஆய்வாளருக்கே மிகுதியாக உண்டு.