பார்த்தால் தெரியும், கேட்டால் வராது

கடல்நீர்நாயைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை, சூரியனைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தது அவ்வளவுதான். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் 180 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு நான்கு தவணை படிப்பு, தவணைக்கு 5 நிமிஷம். கட்டுரையைச் சராசரியாகப் பதினான்கு தடவை ஓட்டிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு ஒரே தவணைதான். மூன்று தடவை படித்து நாலாவதைத் தொடுவதற்குள் தாளை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் இன்னொரு வெள்ளைத்தாள். அதன் பிறகும் ஒன்று. சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. கட்டுரையைத் திரும்பக் காட்டவும் இல்லை.

ஒவ்வொரு குழுவிலும் சிலருக்கு ஐந்தே நிமிஷத்தில் சோதனை வைத்தார்கள். அதில் பதினான்கு தடவை படித்தவர்களுக்கே வெற்றி: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. மற்றவர்களை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. பதினான்கு தடவை படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். மூன்றே சொச்சம் தடவை படித்து, மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. படித்து முடித்த கையோடு, 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று எல்லாரிடமும் கேட்டுவைத்திருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் பதினான்கு தடவை படித்தவர்கள்.

மார்கழி முழுக்க அம்மா வாசலில் போடும் கோலத்தை வருஷக்கணக்காகப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் மாவுக் கிண்ணத்தைக் கொடுத்துப் போடச் சொன்னால், முதல் வரிசைக்கு எத்தனை புள்ளி என்பதிலேயே கை நின்றுவிடும். பார்த்ததும் 'இது நமக்குத் தெரிந்ததுதான்' என்று மனசு சொல்வது ஒரு வேலை. ஒன்றுமே இல்லாத தரையில் அதை வரவழைப்பது முற்றிலும் வேறு வேலை. பாடத்தை நாலாவது தடவை புரட்டும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எந்த வரியும் முட்டுவதில்லை. அந்தச் சுகத்தைத்தான் மாணவன் 'பாடம் ஏறிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறான். இதே ஆய்வாளர்கள் 2009-இல் 177 கல்லூரி மாணவர்களிடம் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பப் படிப்பதாகச் சொன்னவர்கள் 84 சதவீதம். தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம். 'இன்னொரு தடவை படிச்சுட்டு வா' என்று அனுப்பும் நம் வீடுகளில் இந்தக் கணக்கை எடுத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

சற்று முன் படித்ததைக் கடகடவென்று சொல்வதற்கும், அது மூளையில் தங்குவதற்கும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டியவர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்புக்காக 1953-இல் அவருக்கு மூளை அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது வயது 27. இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. புத்தியில் குறைவில்லை, பேச்சும் சரளம். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் 584 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது 584 என்று சரியாகச் சொன்னார் மொலைசன். அந்த இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும், இடைவிடாமல் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் போயிற்று. அப்படி ஓர் எண்ணைக் கொடுத்ததே அவருக்கு ஞாபகம் இல்லை.

கேள்வி தன் பக்கம் வரும்வரை உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்து, சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் மறந்துவிடும் பிள்ளையை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். அதற்கு மூளையில் எந்தக் குறையும் இல்லை. மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பதையும் நினைவில் தங்கியதையும் வகுப்பறை ஒன்றாகவே மதிப்பெண் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

தங்கவைக்கும் வேலையில் பெரும்பகுதி நாம் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். எலி ஓரிடத்தைச் சுற்றி வரும்போது சேர்ந்து துடித்த நரம்புச் செல்கள், அது பிறகு தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. 1994-இல் இதை வெளியிட்டார்கள். பகலில் நடந்த பாதையை மூளை இரவில் ஒருமுறை நடந்து பார்ப்பதுபோல இருந்தது. மனிதர்களிலும் தூக்கம் நினைவை உறுதியாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பொதுத்தேர்வு வந்தால் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுவது நம் வழக்கம். எட்டு மணிக்கே படுத்த பிள்ளை என்றால் சரி. டியூஷன் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளை என்றால், படித்ததைப் பத்திரப்படுத்தும் நேரத்தைப் பிடுங்கிக் கூடுதலாகப் படிக்கவைக்கிறோம்.

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ். அர்த்தமில்லாத அசைகளை நூற்றுக்கணக்கில் தானே நெட்டுருப் போட்டு, மறந்து, திரும்பவும் நெட்டுருப் போட்டு, எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கணக்கெடுத்தார் இந்த ஜெர்மானியர். 1885-இல் வெளியான அவருடைய கணக்குப்படி, இருபது நிமிஷத்தில் மிச்சம் 58 சதவீதமாகவும், ஒரு நாளில் 34 சதவீதமாகவும் விழுகிறது. ஆனால் 31 நாள் கழித்தும் 21 சதவீதம் இருக்கிறது. சரிவு முதல் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சுத்தமாக மறந்துவிட்டது என்று கைவிட்ட பாடத்தை மறுபடி எடுத்தால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் பிடிபடுவது இதனால்தான். கொஞ்சம் மறந்தபின் முயன்று வரவழைத்தால் பிடிப்பு இன்னும் கெட்டிப்படுகிறது. ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, அதையே மூன்று நாளாகப் பிரித்தால் பலன் கூடுதல்.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தாம் படித்த காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூட வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் பூ, மிருகம், பறவை என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, நடுவில் தூக்கம், ஏடு எதையும் பார்க்காமல் வரவழைப்பது என்று எல்லாமே அதில் இருக்கின்றன. அடியும் உதையும் நிறைந்த அந்தப் பள்ளிகளைக் கொண்டாட எனக்கு மனமில்லை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கவனம் என்பது தனிப் பிரச்சினைபோலத் தோன்றும்; அதிலும் பாதி நினைவோடு ஒட்டியதுதான். ஒரே சமயத்தில் மனதில் ஏந்தி வேலை செய்யக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. ஏழு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் என்று 2001-இல் நெல்சன் கோவன் குறைத்தார். ஏழெட்டு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கில் அந்த நான்கு இடமும் பெருக்கலுக்கே போய்விடும். மீதிக் கணக்கு காதில் விழாது. ஆசிரியருக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். வாய்ப்பாடு தானாக வரும் பிள்ளைக்கு இடம் காலியாக இருக்கிறது, கணக்கைக் கவனிக்கிறது. செல்போனும் அந்த நான்கு இடத்துக்குத்தான் போட்டி போடுகிறது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வதாகச் சொல்லும் பிள்ளை உண்மையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தாவலிலும் ஏந்தியிருந்தது கொட்டிப்போகிறது. படிக்கும் முக்கால் மணி நேரம் போன் அடுத்த அறையில் இருக்கட்டும், அப்பாவுடையதும்தான்.

வல்லாரையைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடலாம். மதிப்பெண்ணை அதன் தலையில் கட்ட வேண்டாம். உடலின் எடையில் மூளை இரண்டு சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு இரண்டு இட்லி செய்யும் உதவி எந்த லேகியத்தாலும் ஆகாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் படிப்புக்கான திட்டமாகவே நான் பார்க்கிறேன்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை ஒருமுறை புரிந்து படிக்கட்டும். புரியாததை வரவழைக்க முடியாது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். பச்சையம், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு என்று வரும். அப்புறம் பேனா நிற்கும். இன்னொன்று இருக்கிறது என்று தெரிகிறது, பெயர் வரவில்லை. பேனா மூடி வாய்க்குப் போகிறது. அரை நிமிஷம் அப்படித் தவிக்கட்டும், உடனே எடுத்துக்கொடுக்க வேண்டாம். புத்தகத்தைத் திறந்ததும் கண் மற்ற வரிகளைத் தாண்டி நேராகத் 'தண்ணீர்' மேல் போய் விழும். இரண்டு நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம் போதும். சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பதும் ஒருவகையில் வரவழைப்பதுதான். ஆனால் நடுவில் நிறுத்திக் கேட்டால் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளையிடம் இருப்பது ஓசையின் வரிசை. 'தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று குறுக்கே ஒரு கேள்வி போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கணக்கில் இன்னொரு சங்கதி. பயிற்சி 3.1 முழுக்க ஒரே மாதிரிக் கணக்குகள், 3.2 முழுக்க இன்னொரு மாதிரி. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை இப்படி வகை வகையாக ஒரு குழுவுக்கும், கலந்துகட்டி இன்னொரு குழுவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியின்போது வகைப்படுத்திச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைப்படுத்திச் செய்தவர்கள் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63. எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டால், அதைத் தேர்ந்தெடுக்கப் பழக வாய்ப்பே இல்லை. 'வீட்டில் எல்லாம் சரியாகப் போட்டான், காலாண்டில் கோட்டை விட்டான்' என்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இத்தனையும் செய்து பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? கண்ணைச் சுருக்குகிறதா? கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தன் கண்ணில் குறை என்றே தெரியாது. எல்லாருக்கும் பலகை அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பேசுவது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் இதே கதிதான். இரத்தசோகை உள்ள பிள்ளை மூன்றாவது பீரியடிலேயே சோர்ந்து தலையைச் சாய்க்கும். வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை வகுப்பில் தரும் இரும்புச் சத்து மாத்திரை, வாயிலிருந்து நேராக ஜன்னலுக்கு வெளியே போவது ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்தால் மாத்திரையால் வரும் குமட்டல் குறையும். ஜன்னலுக்குப் போவதும் குறையும்.