கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆனால் என்ன பார்க்க வேண்டும்?



நம் ஊரில் பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் சிப்காட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் கொடுத்ததாக இருக்கும். எல்லா வீட்டிலும் கேட்கிற புகார் ஒன்றுதான். "திடீர்னு ஆஃப் ஆயிடுது." அதற்கு எல்லோரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான். "வைரஸ் வந்திருக்கும்." வைரஸ் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட், சூடு இரண்டையும் பார்க்காமல் வைரஸ் மேல் பழி போடக்கூடாது.

முதலில் கவனிக்க வேண்டியது, அது எப்போது ஆஃப் ஆகிறது என்பதுதான். இதற்கு ஸ்க்ரூ டிரைவர் கூட வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அக்கா டேலி பழகிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிடும். சரி செய்யக் கொடுத்த கடையில் மதர்போர்டு போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்பா, "அவ்ளோ காசு இல்லை, காயலான் கடையில போட்டுடலாம்" என்று முடிவே செய்துவிட்டார். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் சித்தப்பா ஏ.சி. மெக்கானிக். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, எவ்ளோ நேரம் ஓடிட்டு நிக்குது? மணி பார்த்து எழுதி வை."

எழுதினேன். முதல் தடவை 12 நிமிடம் ஓடியது. நின்ற உடனே மறுபடி போட்டால் 3 நிமிடம். அரை மணி நேரம் சும்மா விட்டுப் போட்டால் மறுபடியும் 12 நிமிடம். சித்தப்பா சிரித்துவிட்டார். "போர்டு செத்துப் போயிருந்தா ஆறின பிறகு மட்டும் எப்படிம்மா ஓடும்? இது சூடு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகும். அதன் மேல் அலுமினியத் தகடுகள் வைத்த ஹீட் சிங்க் இருக்கும், அதற்கு மேல் ஒரு குட்டி ஃபேன். பிராசஸரின் சூடு தகட்டுக்கு வரும், ஃபேன் காற்று அதை வெளியே தள்ளும். தகடுகளுக்கு நடுவில் தூசி அடைத்துவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று போகாது. பல பிராசஸர்களில் சூடு சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தான் கருகாமல் இருக்க அதுவே டப்பென்று அணைத்துக்கொள்ளும். அதாவது அது கோளாறு இல்லை, பாதுகாப்பு! ஆன் செய்யும்போது டெலீட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டினால் வருகிற பயாஸ் திரையில் பெரும்பாலும் இந்தச் சூட்டின் அளவைப் பார்க்கலாம்.

நம் சிப்காட்டில் இருக்கும் டேட்டா சென்டர்களிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை இரவும் பகலும் குளிர வைப்பதற்கே ஏகப்பட்ட கரண்ட் போகிறது. நம் வீட்டில் அந்த வேலையை உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்று செய்கிறது. அதையும் கம்ப்யூட்டர் டேபிளின் அடைத்த அலமாரிக்குள் வைத்து, மேலே பூப்போட்ட துணி வேறு போர்த்துகிறோம். கத்திரி வெயிலில் அது பாவம் என்ன செய்யும்? ஆயுத பூஜைக்கு வெளியே துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், உள்ளே யார் பார்த்தார்கள்?

சுத்தம் செய்யும் முறை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளிருக்கும் இரும்பை ஒரு முறை தொட வேண்டும், நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். ஈரத்துணி கூடாது. காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கண்டபடி சுற்றிக் கெட்டுவிடும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் துவரம்பருப்பு அளவு வைக்க வேண்டும். இதைப் பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள். எங்களுடையதில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பேஸ்ட்டுக்கு ஆன செலவு 80 ரூபாய். அக்கா இப்போது மூன்று மணி நேரம் கூட உட்காருகிறாள். (நான் விளையாடக் கேட்டால் மட்டும் சூடாகிவிடும் என்கிறாள்.)

ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் நடுவில் உள்ள ஸ்டிக்கரைத் தூக்கி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பல ஃபேன்கள் சரியாகும். தேங்காய் எண்ணெய் விடக்கூடாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இனி, பட்டனை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை என்றால்? அது கரண்ட் பக்கம். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அடுத்து ஒயரை மாற்றிப் பாருங்கள். பின்னால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சின்ன சுவிட்ச் இருக்கும், வீடு பெருக்கும்போது அது ஆஃப் ஆகியிருக்கும். யு.பி.எஸ். இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். அப்போது ஓடினால் யு.பி.எஸ். பேட்டரிதான் போயிருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி. கரண்டை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பழைய பெட்டி சிலவற்றில் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதை 115க்குத் தள்ளி நம் ஊர் கரண்டில் போட்டால் வெடித்துவிடும், தம்பி தங்கைகளைத் தொடவிடாதீர்கள். இந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லக்கூடியது. போய்விட்டது என்று தெரிந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

பக்கத்தில் மோட்டார் போடும்போதோ கிரைண்டர் போடும்போதோ மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் அது லோ வோல்டேஜ். 2012இல் தமிழ்நாட்டில் பல இடங்களில் தினமும் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்ததாம், அப்போது கரண்ட் திரும்பி வரும் வேகத்தில் டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் புகைந்த கதையை அம்மா சொல்வார். புயல், மழை நாளில் இப்போதும் அப்படி ஆகலாம். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கோவளம் கடல் நமக்குக் கிட்டே. உப்புக் காற்றில் செம்பும் இரும்பும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ஃபேன் சுற்றியும் திரை வராமல் பீப் பீப் என்று கத்தினால், ரேம் பலகையைக் கழற்றி அதன் மஞ்சள் நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். பல சமயம் இதிலேயே வந்துவிடும்.

தேதி மட்டும் ஒவ்வொரு நாளும் பழையதாகக் காட்டினால் அதற்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லை. மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், அதன் பெயர் சி.ஆர். 2032. வாட்ச் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள்.