அம்மைத் தடுப்பூசி சுமக்கும் காய்ச்சல் மரபணு

பறவைக் காய்ச்சலுக்கான மறுசேர்க்கைத் தடுப்பூசியில் ஒரு வைரஸ் இன்னொன்றின் மரபணுவைச் சுமக்கிறது. சுமக்கும் வைரஸ்களில் முக்கியமான இரண்டு, கூரம், உத்திரமேரூர் வட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்குப் பழகிய நோய்களுக்கு உரியவை: கோழி அம்மை, வெள்ளைக்கழிச்சல். இவற்றின் வீரியம் குறைந்த வைரஸ்கள் பல காலமாகத் தடுப்பூசியாகப் பயன்படுகின்றன. அவற்றுள் காய்ச்சல் வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினினுக்குரிய மரபணு மட்டும் செருகப்படுகிறது.

வீரியம் குறைந்த எச்5 வகைக் காய்ச்சல் வைரஸையே உயிருடன் கொடுப்பதில் ஆபத்து உண்டு. கோழிகளிடையே பரவும்போது அது மரபணு மாற்றத்தால் கொடிய வகையாகிவிடலாம். ஆனால் செருகிய ஒற்றை மரபணுவிலிருந்து காய்ச்சல் வைரஸ் உருவாக வழியில்லை.

இவ்வகையின் தொடக்கச் சோதனைகளில் ஒன்றை அமெரிக்காவில் பியர்ட், ஷ்னிட்ஸ்லைன், திரிபாதி ஆகியோர் 1991-இல் வெளியிட்டனர். எச்5 வைரஸின் மரபணுவைச் சுமந்த அம்மை வைரஸ், கொடிய எச்5என்2 வைரஸிலிருந்து கோழிகளைக் காத்தது.

சோதனைக்குக் குறித்த நோய்க்கிருமிகள் எதுவும் அண்டாமல் வளர்த்த கோழிகளே எடுக்கப்படுகின்றன. அம்மை வகை மருந்தானால், இரட்டை முள் ஊசியை அதில் தோய்த்து இறக்கை மடிப்புத் தோலில் குத்துவார்கள். சில நாள்களில் அங்கே தடிப்பு எழுந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று பொருள்.

சில வாரங்களில் இரத்தம் எடுக்கப்படும். வரிசையான குழிகளில் சீரத்தைப் பாதிப்பாதியாக நீர்த்துக்கொண்டே போய், வைரஸையும் கோழியின் சிவப்பணுக்களையும் சேர்ப்பார்கள். போதிய எதிர்ப்பொருள் உள்ள குழியில் சிவப்பணுக்கள் அடியில் பொட்டுப்போல் இறங்கும். இல்லாத குழியில் வலைபோல் படர்ந்து நிற்கும்.

அடுத்தது கொடிய வைரஸை மூக்கில் விடும் கட்டம். உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் இது நடக்க முடியும். ஊசி போடாத கோழிகளில் குறைந்தது 90 சதவீதம் இறக்க வேண்டும். போட்டவற்றில் குறைந்தது 80 சதவீதம் பிழைக்க வேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பு வழங்கும் அளவுகோல். உயிர் பிழைப்பது மட்டும் போதாது. தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, வெளியேறும் வைரஸின் அளவையும் பார்க்கிறார்கள். நலமாகத் தோன்றும் கோழி வைரஸைக் கக்கிக்கொண்டிருந்தால் நோய் சத்தமில்லாமல் பரவும்.

இந்த இடத்தில் ஒற்றை மரபணு இன்னொரு வகையிலும் உதவுகிறது. ஊசி போட்ட கோழியிடம் ஹீமக்ளூட்டினின் எதிர்ப்பொருள் மட்டுமே இருக்கும். உண்மையில் தொற்றிய கோழியிடம் வைரஸின் உட்புரதங்களுக்கு எதிரானவையும் இருக்கும். இரண்டையும் இரத்தச் சோதனையில் பிரித்தறியலாம்.

ஆய்வகத்தில் தேறிய மருந்து ஊரில் தடுமாறக்கூடும். முன்பே அம்மை ஊசி போட்ட கோழிகளில் அம்மை வழித் தடுப்பூசி சீரான பாதுகாப்புத் தரவில்லை என்று ஸ்வெய்ன் குழுவினர் 2000-இல் காட்டினர். உடல் சுமக்கும் வைரஸையே எதிரியாகக் கண்டு அழிப்பதால், உள்ளிருக்கும் மரபணு வேலை செய்யும் முன்பே கதை முடிந்துவிடுகிறது. கழிச்சல் வைரஸுக்கும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் கோழிக் கழிச்சலுக்கு ஆண்டுதோறும் முகாம் நடத்தி ஊசி போடுகிறார்கள். குஞ்சுகளுக்குத் தாய்க்கோழி வழியாகவும் எதிர்ப்பொருள் வருகிறது. ஆகவே எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே உள்ள கோழிகளிலும் சோதித்தாக வேண்டும். சுமக்கும் வைரஸாக வான்கோழி ஹெர்பிஸ் வைரஸைப் பயன்படுத்தும் வகைக்கு இந்தத் தடை குறைவு. ஆனால் உயிரணுக்களோடு சேர்ந்த அதன் மருந்தைத் திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும் என்பதால் புழக்கடைக் கோழிகளுக்கு அதைக் கொண்டுசேர்ப்பது கடினம்.

இந்தியாவில் எச்5என்1 முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூர் பண்ணைகளில் உறுதியானது. அதுமுதல், நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள கோழிகளை அழித்து உரிமையாளருக்கு இழப்பீடு தருவதே நடைமுறையாக இருந்துவருகிறது. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம், வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கி, அதன் தொழில்நுட்பத்தை 2022-இல் நிறுவனங்களுக்கு வழங்கியது. அது வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் பழைய முறையைச் சேர்ந்தது. மறுசேர்க்கை வகை அல்ல.